ஆறு ரெஸிஸ்டரில் ஒரு ஹெட்ஃபோன் அடாப்டர்

அசெம்பிள் செய்த பவர் ஆம்ப்ளிஃபயர்களில் பெரும்பாலும் ஹெட்ஃபோன் சாக்கெட் இருக்காது. ஸ்பீக்கர் டெர்மினலில் இருந்தே ஹெட்ஃபோனுக்கு லைன் எடுத்துவிடலாம், செலவும் அதிகமில்லை. நேரடியாக மட்டும் மாட்டிவிடாதீர்கள்.

கணக்கு இதுதான். 8 ஓமுக்கு 50 வாட் தரும் ஆம்ப், முழு வால்யூமில் 20 வோல்ட் தள்ளும். 32 ஓம் ஹெட்ஃபோனில் அது 12.5 வாட். ஒரு மில்லிவாட்டுக்கு 100 டெசிபல் கொடுக்கும் சாதாரண ஹெட்ஃபோனுக்கு அந்த ஒரு மில்லிவாட்டைத் தர 0.18 வோல்ட் போதும். கை தவறி வால்யூம் ஏறினால் வாய்ஸ் காயில் போய்விடும், அதற்கு முன்னால் காது போய்விடும். கை தவறாவிட்டாலும் ஆம்பின் சொந்த இரைச்சல், ஸ்பீக்கரில் கேட்காத அந்த 'ஸ்ஸ்ஸ்', ஹெட்ஃபோனில் நன்றாகவே கேட்கும்.

இதற்குப் பலர் செய்வது, சேனலுக்கு ஒன்றாக 330 அல்லது 470 ஓம் ரெஸிஸ்டரை சீரிஸில் போட்டு முடித்துவிடுவது. பழைய ரிசீவர்களிலேயே இந்த முறை உண்டு. வேலை செய்யும், ஆனால் எனக்கு இது பிடிக்காது. ஹெட்ஃபோனின் இம்பீடன்ஸ், அதாவது சிக்னலுக்கு அது காட்டும் எதிர்ப்பு, எல்லா ஸ்வரத்துக்கும் ஒன்றாக இருப்பதில்லை; நிறைய மாடல்களில் பேஸ் பகுதியில் நன்றாக ஏறும். சீரிஸில் பெரிய ரெஸிஸ்டர் இருந்தால், இம்பீடன்ஸ் ஏறும் இடத்தில் சத்தமும் ஏறும். தவில் தவிலாக இல்லாமல் பொதபொதவென்று கேட்பது அதனால்தான். அடாப்டரின் அவுட்புட் இம்பீடன்ஸ், ஹெட்ஃபோன் இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. அதற்கு, ரெஸிஸ்டர்களால் வோல்டேஜைப் பங்கு பிரிக்கும் வோல்டேஜ் டிவைடர்தான் வழி.

ஒரு சேனலுக்கு 47 ஓம் 10 வாட் சிமென்ட் ரெஸிஸ்டர் ஒன்று, 10 ஓம் 1 வாட் மெட்டல் ஃபிலிம் இரண்டு. ஆம்பின் பிளஸ்ஸில் இருந்து 47 ஓம். அதன் மறுமுனை சாக்கெட்டுக்கு. அந்த முனைக்கும் மைனஸுக்கும் நடுவே இரண்டு 10 ஓமும் பேரலலில், அதாவது 5 ஓம். 32 ஓம் ஹெட்ஃபோன் மாட்டினால், 20 வோல்ட் சுமார் 1.7 வோல்ட்டாகக் குறையும். ஆம்பின் இரைச்சலும் அதே அளவில், ஏறக்குறைய 21 டெசிபல் இறங்கும். அவுட்புட் இம்பீடன்ஸ் 4.5 ஓம். வால்யூம் குமிழை அடிமட்டத்தில் வைத்துத் தடவவும் வேண்டாம். அந்த இடத்தில்தான் சாதாரண வால்யூம் கன்ட்ரோலில் இடது வலது சமமில்லாமல் போகும்.

5 ஓமுக்கு ஏன் இரண்டு ரெஸிஸ்டர்? இந்தச் சர்க்யூட்டில் ஹெட்ஃபோனைக் காப்பாற்றுவது அந்த 5 ஓம்தான். ஒரே ரெஸிஸ்டர் போட்டு அதன் கால் டிரை சால்டர் ஆகி விட்டுப்போனால், ஹெட்ஃபோனுக்கு முழு வால்யூமில் 8 வோல்ட், 2 வாட் போகும். இரண்டாகப் போட்டால், ஒன்று விட்டுப்போனாலும் சத்தம் 4 டெசிபல் கூடுவதோடு நிற்கும். ஒரு பக்கம் திடீரென்று சத்தமாகக் கேட்டால் டப்பாவைத் திறந்து பாருங்கள்.

சால்டரிங் இரும்பைச் சூடு பண்ணும் முன் ஒரு சோதனை, இதைத் தவிர்க்கவே கூடாது. ஹெட்ஃபோன் பிளக்கில் இடது வலது இரண்டின் மைனஸும் ஸ்லீவில், அதாவது பிளக்கின் அடிப்பக்க உலோகப் பகுதியில், ஒன்றாகச் சேர்கின்றன. டிடிஏ 7294, எல்எம் 3886 போன்ற ஐசிகளைச் சாதாரணமாக வயர் செய்த ஆம்பில் மைனஸ் என்பது கிரவுண்ட்தான், பிரச்சினை இல்லை. டிபிஏ 3116 போர்டு, டிடிஏ 7297, கார் ஸ்டீரியோ இவையெல்லாம் பிரிட்ஜ் வகை. மைனஸிலும் சிக்னல் வரும். இரண்டு மைனஸையும் சேர்த்தால் ஐசி போச்சு. ஆம்பின் பிளக்கைக் கழற்றிவிட்டு, இரண்டு மைனஸுக்கும் நடுவே கன்டினியூட்டி பாருங்கள். பீப் வரவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். ஓடும்போது பார்ப்பவர்கள் இரண்டு மைனஸுக்கு நடுவே டிசி வோல்ட் பார்த்து ஏமாறக்கூடாது. 24 வோல்ட் போர்டில் இரண்டிலும் 12 வோல்ட் நிற்கும், வித்தியாசம் பூஜ்யம் என்று காட்டும். மைனஸுக்கும் சப்ளை கிரவுண்டுக்கும் நடுவே அளக்க வேண்டும். பிரிட்ஜ் ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு இந்த டப்பா வேண்டாம். ஆம்புக்கு முன்னால் லைனில் ஒரு சின்ன ஹெட்ஃபோன் ஆம்ப் போடுவது நல்லது.

அதோடு ஒவ்வொரு சேனலிலும் பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவே டிசி பாருங்கள். பாட்டு இல்லாதபோது 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் சரி.

சாக்கெட் கால் இஞ்ச் ஸ்டீரியோ, பிளாஸ்டிக் உடம்பு உள்ளதாக வாங்குங்கள். அலுமினிய டப்பாவில் மாட்டினாலும் ஸ்லீவ் டப்பாவைத் தொடாது. டிப் (பிளக்கின் நுனி) இடது, ரிங் (நடு வளையம்) வலது. சிமென்ட் ரெஸிஸ்டரை டப்பாவின் சுவரில் ஒட்டாமல், மேலே டேப் சுற்றாமல், காற்றுப்பட டேக் போர்டில் நிறுத்துங்கள். கால்களை முதலில் டேக்கில் முறுக்கிவிட்டுப் பிறகு ஈயம் வையுங்கள். பிளக்கைச் சொருகும்போது டிப்பும் ரிங்கும் ஒரு கணம் ஷார்ட் ஆகும். நடுவில் 47 ஓம் இருப்பதால் ஆம்புக்கு ஒன்றும் ஆகாது.

ஹெட்ஃபோன் மாட்டும் முன் மீட்டர் வையுங்கள். ஆம்ப் பக்க வயர்களில் 52 ஓம், சாக்கெட்டில் டிப்புக்கும் ஸ்லீவுக்கும் 5 ஓம், ரிங்குக்கும் அப்படியே. பிறகு ஆம்பில் இணைத்து, ஃபோனில் இருந்து 100 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு, ஆம்ப் அவுட்புட்டை 10 வோல்ட் ஏசிக்குக் கொண்டுவாருங்கள். சாக்கெட்டில் ஒரு வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். மலிவான மஞ்சள் மீட்டரில் ஏசிக்கு 200 வோல்ட் ரேஞ்ச்தான் குறைந்தது, 0.9 என்றோ 1.0 என்றோ காட்டும், அது போதும்.

100 வாட் ஆம்ப் என்றால் 47 ஓமுக்குப் பதில் 100 ஓம் 10 வாட் இரண்டைப் பேரலலில் போடுங்கள். 300 ஓம் ஹெட்ஃபோனுக்குச் சத்தம் பற்றவில்லை என்றால் 10 ஓம்களை 22 ஆக மாற்றினால் கிட்டத்தட்ட இரட்டிப்பு வோல்ட் கிடைக்கும். ஏகேஜி கே1000 போன்றவை வேறு ரகம்: மில்லிவாட்டுக்கு 74 டெசிபல்தான், 120 ஓம். ஸ்பீக்கர் டெர்மினலில் நேரடியாக மாட்டவே செய்தது, டிவைடர் தேவையில்லை.

வழக்கமாகக் கேட்கும் சத்தத்தில் 47 ஓமில் ஒரு வாட்டில் நூறில் ஒரு பங்குதான் செலவாகும், தொட்டால் சூடே தெரியாது. கை வைக்க முடியாமல் சுட்டால் உடனே ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு ஆம்பின் அவுட்புட்டில் டிசி வருகிறதா என்று பாருங்கள். வால்வ் ஆம்புக்கு இந்த 52 ஓம் மட்டும் லோடாகப் போதாது; அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரைக் காக்க ஒவ்வொரு சேனலிலும் பிளஸ்-மைனஸ் குறுக்கே 8 ஓம் 25 வாட் ரெஸிஸ்டர் ஒன்றும் தனியாக வேண்டும்.