துப்பத் தெரிந்த மீன்

கெண்டைக்குக் கையில்லை, ஒரு பொருளைச் சோதித்துப் பார்க்க வேண்டுமென்றால் அது வாய்க்குள் இழுத்துத்தான் பார்த்தாக வேண்டும். அடிமண்ணில் கிடப்பதைத் தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சி, அண்ணத்திலுள்ள சதைப்பற்றான உறுப்பால் உணவையும் கல்லையும் பிரித்து, வேண்டாததைக் கண்ணிமைக்கும் நேரத்தில் துப்பிவிடுகிறது. எனவே, பெரிய மீனை மட்டுமே குறிவைத்து நாள் முழுதும் தூண்டிலோடு காத்திருப்பவர் ‘இரையை மீன் தொடவேயில்லை’ என்று சொன்னால், நான் எளிதில் நம்புவதில்லை. தொட்டிருக்கும், உறிஞ்சித் துப்பியும் இருக்கும். கரையில் கோல் மட்டும் அசைந்திருக்காது.

நானும் வெகுகாலம் இரையின் மணத்தையும் நிறத்தையுமே மாற்றிக்கொண்டிருந்தேன். மீனுக்கு ஐயம் எழுவது பெரும்பாலும் அங்கல்ல. மீனை ஈர்க்கச் சுற்றிலும் தூவிய மக்காச்சோள மணிகள் உறிஞ்சியவுடன் எழும்பி வரும்போது, முள்ளில் கோத்த மணி மட்டும் இரும்பின் கனத்தாலும் தூண்டில் இழையான நரம்பின் விறைப்பாலும் பின்தங்கிவிடுகிறது. 1980ஐ ஒட்டி இங்கிலாந்துத் தூண்டில்காரர்களான லென்னி மிடில்டனும் கெவின் மேடக்ஸும் இந்தச் சிக்கலுக்குக் கண்ட தீர்வு வியக்கத்தக்க அளவு எளிமையானது: இரையை முள்ளில் குத்தாமல், முள்ளிலிருந்து தொங்கும் ஒரு தலைமுடியில் கட்டினார்கள். இரை தடையின்றி வாய்க்குள் போக, வெறும் முள் அதன் பின்னே போகிறது. துப்பும்போது முனை உதட்டில் பற்றுகிறது. கனமான ஈயக்குண்டைக் குட்டையான நரம்பில் சேர்த்தால், குத்தலை உணர்ந்து மிரண்டு ஓடும் மீன் ஈயத்தின் கனத்திலேயே முள்ளை ஆழமாக ஏற்றிக்கொள்ளும்.

ஆனால் அந்த மிரட்சியே மீனுக்குப் பாடமாகவும் அமைகிறது. கெண்டைகள் ஒரே முறை பிடிபட்ட அனுபவத்திலேயே தூண்டிலைத் தவிர்க்கக் கற்றுக்கொள்வதை நெதர்லாந்து ஆய்வாளர் பியூகெமா 1970இல் வெளியிட்ட குளச் சோதனைகளில் காட்டினார். பிடித்த மீனை மீண்டும் நீரில் விடுவதே இந்த வகைத் தூண்டிலின் வழக்கம் என்பதால், நம் எதிரிலுள்ள பெரிய மீன் பலமுறை பாடம் படித்ததாகவே இருக்கும். (அதற்குக் கற்பித்தவர்களும் நாம்தான்.) அத்தகைய மீன் மேய்ச்சலின் விளிம்பிலேயே சுற்றும், விறைப்பாக நிற்கும் நரம்பில் உடல் உரசினால் ஒரே பாய்ச்சலில் விலகிவிடும்.

இப்போதெல்லாம் நரம்பைத் தளர்த்தித் தரையோடு படியவிடுகிறேன். மணிக்குள் ஒரு சிறு தக்கைத் துண்டைச் செருகி, முள்ளின் கனத்தை அது ஏறக்குறைய ஈடுசெய்யும்வரை கரையோரத் தண்ணீரில் போட்டுப் பார்க்கிறேன். மிதக்கவும் கூடாது, கல்போல விழவும் கூடாது. முள்ளோடு சேர்ந்து மெதுவாக இறங்கித் தரையைத் தொட்டால், அதன்பின்தான் வீசுகிறேன்.