22 வருடமும் ஒரு கம்பளியும்

போன வெள்ளிக்கிழமையோடு நான் ஆமிக்காரன் இல்லை. ஸ்டாஃப் சார்ஜன்ட்டாக 22 வருடம் முடித்துப் பென்ஷனில் வந்துவிட்டேன். கடைசி இரண்டு கிழமையும் கிளியரன்ஸ் பேப்பரைத் தூக்கிக்கொண்டு ஸ்டோர் ஸ்டோராக அலைந்ததிலேயே போய்விட்டது. எல்லா இடத்திலும் கையெழுத்துக் கிடைத்தது, ஒரு ஸ்டோரில் மட்டும் கம்பளி ஒன்று குறைகிறதாம். எந்தக் காட்டில் விட்டேனோ, எவனுக்குப் போர்த்தினேனோ. காசைக் கட்டினேன்.

கொழும்பில் எங்கள் கொம்பனித்தெருவில் ஆமிக்காரன் ஒன்றும் அதிசயமில்லை. வெள்ளைக்காரன் காலத்து ரைபிள் படையில் மலாய்க்காரர்கள் இருந்தார்கள், ரைபிள் தெரு என்றே எங்கள் பக்கத்தில் ஒரு தெரு உண்டு. ஆனால் நாங்கள் சோனகர், தமிழ் பேசும் முஸ்லிம்கள், வாப்பா தையல்காரர். 1996 ஜனவரி 31 மத்திய வங்கியில் குண்டு வெடித்தது, அந்த வருடமே நான் போய்ச் சேர்ந்தேன். நாட்டுக்காக என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். கலியாணத்துக்கு மூன்று தங்கச்சிமார் இருந்தார்கள், அதுதான் காரணம். உம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

அடுத்த வருடம் யாழ்ப்பாணம். தரைவழி கிடையாது, திருகோணமலையில் கப்பல் ஏறிக் காங்கேசன்துறையில் இறங்க வேண்டும், இரவெல்லாம் வாந்தி. அங்கே போனதும் என் துவக்கை விட என் நாக்குக்குத்தான் வேலை என்று தெரிந்தது. எங்கள் செக்பொயின்டில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன். சைக்கிளில் வருகிறவர்கள் இறங்கி உருட்டிக்கொண்டு வருவார்கள், அடையாள அட்டையை வாங்கி நான்தான் கேள்வி கேட்க வேண்டும். ஒருநாள் ஒரு வயதானவர் என் பேச்சைக் கேட்டுவிட்டு மெதுவாக, "தம்பி சோனகதெருப் பெடியனோ?" என்றார். யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இருந்த சோனகதெரு 1990 ஒக்டோபரிலேயே காலியாகிவிட்டது, புலிகள் முஸ்லிம்கள் எல்லாரையும் வெளியே போகச் சொன்னபோது. "இல்லை ஐயா, கொழும்பு" என்றேன். "பிறகேன் தம்பி இந்த உடுப்பு?" பதில் சொல்லவில்லை, அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். தங்கச்சிமார் கதையை அவரிடம் சொல்லவா முடியும்?

மொழிபெயர்ப்பு என்று சொல்கிறேனே தவிர நான் செய்தது அது இல்லை. ஒஃபிசர் சிங்களத்தில் கத்துவதை நான் தமிழில் இறக்கும்போது பாதிதான் இறங்கும். அந்தப் பக்கத்திலிருந்து வருவதும் அப்படித்தான். ரவுண்டப்பில் மகனைக் கூட்டிப் போய்விட்டார்கள் என்று ஒரு அம்மா வந்தார். மண்ணை அள்ளி எங்கள் காலடியில் போட்டு, "உங்கட குடும்பம் விளங்காது" என்றார். ஒஃபிசர் என்னைப் பார்த்தார். "மகன் எப்ப வருவான் என்று கேட்கிறார் சேர்" என்றேன். விசாரித்துச் சொல்கிறேன் என்று பெயரை எழுதிக்கொண்டார். பெடியன் வந்தானா? அடுத்த கிழமை எனக்கு இடமாற்றம் வந்துவிட்டது. 2009இல் சண்டை முடிந்தபோது ஊரே கிரிபத், பாற்சோறு, கிண்டியது, எனக்கு ஏனோ அந்த அம்மா கேட்காத அந்தக் கேள்விதான் ஞாபகம் வந்தது.

2018 மார்ச்சில் கண்டிப் பக்கம் திகனவில் முஸ்லிம் கடைகள் எரிந்தன. உம்மா போன் பண்ணி, "மகன், உங்கட ஆக்கள் எங்கே?" என்றார். எந்த ஆக்களைக் கேட்கிறார் என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

சனிக்கிழமை மகளோடு காலிமுகத்திடலுக்குப் போனேன். இளவயதில் நான் சென்ட்ரி நின்ற தலைமையக வளவில் இப்போது ஷங்ரிலா ஹோட்டல், 2017 கடைசியில் திறந்தார்கள். இங்கேதான் நின்றேன் என்று காட்டினேன். "ஹோட்டல் வாசலிலா?" என்றாள். சரி, அப்படியே இருக்கட்டும்.

நேற்றுப் பென்ஷன் அலுவலாக ஒரு கந்தோருக்குப் போக வேண்டியிருந்தது. பக்கத்தில் ஒரு வயதான அம்மா, கையில் சிங்களக் கடிதம். 1987இலேயே தமிழும் அரசகரும மொழி, கடிதத்துக்கு அது தெரியாது போல. கிளார்க் சிங்களத்தில் எரிந்து விழுந்தார், இந்தக் கிழவிகளுக்கு எத்தனை தரம் சொல்வது, திங்கட்கிழமை வந்து தொலையச் சொல் என்று. அம்மா என் முகத்தைப் பார்த்தார்.

"இன்றைக்கு வேலை கூடவாம் அம்மா, கோபிக்காமல் திங்கட்கிழமை வரட்டுமாம்."