ஒரு டம்ளர் கூலண்ட்

ஜூன் 2

என் சரக்கு வண்டியில் புனலூருக்கு ஏத்தன் வாழைத்தார் லோடு. காலையில் பானெட்டைத் திறந்தால் கூலண்ட், அதாவது எஞ்சினைச் சூடாகாமல் வைக்கிற திரவம், டப்பாவில் கீழ்க்கோட்டுக்கும் கீழே கிடக்கிறது. மே கடைசியில்தான் மேல்கோடு வரை ஊற்றியிருந்தேன். முக்கால் லிட்டர் பிடித்தது. புளியரை தாண்டி எஸ் வளைவில் ஒன்றேகால் டன்னோடு ஏறும்போது சூடு காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டு போனேன். பாதிக்கு மேல் போகவில்லை. சூடும் ஆகவில்லை, தரையிலும் ஒழுகவில்லை, அப்புறம் எங்கேதான் போகிறது?

ஜூன் 4

நேற்று ராத்திரி எஞ்சினுக்கு அடியில் பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்துவிட்டுப் படுத்தேன். காலையில் ஒரே ஒரு ஆயில் பொட்டு, அதுவும் பழைய கணக்கு. ஹோஸ் கிளிப் ஒவ்வொன்றையும் துணியால் துடைத்துப் பார்த்தேன். கூலண்ட் கசிந்து காய்ந்தால் அந்த இடத்தில் உப்புப் பூத்த மாதிரி ஒரு பொருக்கு நிற்கும். ரேடியேட்டர் ஓரத்திலும் இல்லை, வாட்டர் பம்புக்கு அடியில் இருக்கிற சின்ன ஓட்டையிலும் இல்லை. பம்ப் சீல் போனால் முதலில் அழுவது அந்த ஓட்டைதான். கேபின் ஹீட்டர் உள்ள வண்டி என்றால் கால்மிதியைத் தடவிப் பார்க்கவேண்டும். என் வண்டியில் ஹீட்டர் கிடையாது. களக்காட்டுக்காரனுக்கு எதற்கு?

ஜூன் 5

மாமா வந்திருந்தார். முப்பது வருடம் லாரி ஓட்டியவர். “ரெண்டு ஸ்பூன் மஞ்சத்தூளப் போடு மாப்ள, தானா அடைச்சிரும்” என்றார். அவர் காலத்துப் பித்தளை ரேடியேட்டருக்கு அது சரியாக இருந்திருக்கும். இப்போது வருவது அலுமினியம், உள்ளே குழாயெல்லாம் சன்னம். ஓட்டையை அடைக்கிற மஞ்சள் நல்ல வழியையும் சேர்த்து அடைத்துவிடும். தலையை மட்டும் ஆட்டிவைத்தேன்.

ஜூன் 6

வழக்கமான ஒர்க் ஷாப். ரேடியேட்டர் வாயில் கண்ணை வைத்த இரண்டாவது நிமிடமே “ஹெட் போயிட்டு அண்ணாச்சி” என்றான் தம்பி. எஞ்சினின் மேல்மூடியான அந்த ஹெட்டை இறக்கவேண்டும், நாலு நாள் வண்டி நிற்கும், முப்பதாயிரம் ஆகும் என்றான். ஆயில் மூடியைக் கழற்றிக் காட்டினேன். ஹெட்டுக்கு அடியில் இருக்கிற கேஸ்கட் போய் ஆயிலில் தண்ணீர் கலந்தால் மூடிக்கு உள்ளே பால்காப்பி நிறத்தில் நுரை ஒட்டும். அங்கே சுத்தமான கறுப்பு ஆயில். “சில நேரம் அப்படி வராது” என்றான். அதுவும் உண்மைதான். ஆனால் முகூர்த்த மாதத்தில், ஒரு ஊகத்துக்காக நாலு நாள் வண்டியை நிறுத்த எனக்கு மனசு வரவில்லை.

ரேடியேட்டர் மூடியை மட்டும் மாற்றினேன். 0.9 பார் அழுத்தம் தாங்குகிற மூடி. அந்த அழுத்தம் நின்றால்தான் கூலண்ட் நூறு டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். ஸ்பிரிங் தளர்ந்தால் பொங்கி டப்பா வழியாக வெளியே போகும்.

ஜூன் 11

மூடி மாற்றியும் குறைகிறது. ஊகம் போதும் என்று டப்பாவில் மார்க்கரால் கோடு போட்டு, தினமும் காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது எவர்சில்வர் டம்ளரால் அளந்து ஊற்றி எழுதிவருகிறேன். டம்ளர் 200 மில்லி.

புனலூர் போய் வந்த நாள், சுமார் 240 கிலோமீட்டர், மலை ஏற்றம், முழு லோடு: அரை டம்ளர்.

கல்யாண மண்டபங்களுக்கு வாழை இலைக்கட்டு இறக்கிய நாள், மேலப்பாளையம், பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை, தச்சநல்லூர் என்று ஆறு இடம், மொத்தமே 110 கிலோமீட்டர்: ஒன்றரை டம்ளர்.

இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தும் இதே கதை. ஏற்றத்தில்தான் குடிக்கிறது என்று நினைத்திருந்தேன். இது தலைகீழாக இருக்கிறது.

ஜூன் 12

“என்னங்க, வண்டி எடுக்கையில சாம்பிராணி போட்ட மாதிரி வருதே” என்றாள் வீட்டுக்காரி. பின்னால் போய் நின்றேன். ஒரு நிமிடம் வெள்ளைப் புகை, இனிப்பு கலந்த ஒரு வாடை, அப்புறம் சுத்தம். சேரன்மகாதேவியில் டீக்கு இருபது நிமிடம் நிறுத்தி எடுத்தபோதும் அதே புகை. ஓடும்போது கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. நின்று எடுத்தால்தான் வருகிறது.

ஜூன் 14

பேட்டையில் வேறொரு மேஸ்திரி. வயதானவர், அதிகம் பேசமாட்டார். நோட்டை வாங்கி இரண்டு பக்கமும் படித்துவிட்டு, “ஹெட்டத் தொடாண்டாம், இருங்க அண்ணாச்சி” என்றார். ரேடியேட்டர் வாயில் நீலத் தண்ணீர் உள்ள குழாயை வைத்து எஞ்சினை ஓடவிட்டார். எரிந்த வாயு கூலண்டில் கலந்தால் அந்த நீலம் நிறம் மாறும். பத்து நிமிடம் ஆகியும் நீலம் நீலமாகவே இருந்தது. சாயங்காலம் எஞ்சின் நன்றாக ஆறின பிறகு ரேடியேட்டருக்குள் கைப்பம்பால் 1 பார் அழுத்தம் ஏற்றி, அப்படியே விட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

ஜூன் 15

காலையில் பம்ப் முள் 0.6-க்கு இறங்கியிருந்தது. தரையில் சொட்டு இல்லை.

மேஸ்திரி ஈ.ஜி.ஆர். குழாயைக் கழற்றினார். சைலன்சருக்குப் போகிற புகையில் கொஞ்சத்தைக் கூலண்டால் குளிரவைத்து மறுபடி எஞ்சினுக்குள் விடுகிற ஏற்பாடு அது. நைட்ரஜன் ஆக்சைடு குறைய வைத்தது. அந்தக் குழாய்க்குள் காய்ந்த கரிதான் இருக்கவேண்டும், தட்டினால் பொடியாக உதிரும். இங்கே வாய் ஓரமெல்லாம் ஈரக் கரி, கண்மை மாதிரி பளபளவென்று. விரலால் வழித்துக் காட்டினார். கரிக்கு நடுவே ஒரு துளி பச்சை. “இந்தா இருக்கு ஒம்ம முக்கால் லிட்டரு” என்றார்.

புகையைக் குளிரவைக்கிற ஈ.ஜி.ஆர். கூலரைக் கழற்றி ஒரு பக்கத்தை அடைத்து, தொட்டியில் முக்கிக் காற்று விட்டபோது சரம் சரமாய்க் குமிழி. உள்குழாயில் மயிரிழை வெடிப்பு.

நோட்டுக் கணக்குக்கும் விடை கிடைத்தது. ஓடும்போது வெடிப்புக்கு அந்தப்பக்கம் புகையும் அழுத்திக்கொண்டிருக்கும், கூலண்ட் கொஞ்சம்தான் தாண்டும். எஞ்சினை நிறுத்தினால் புகை அழுத்தம் உடனே இல்லை, கூலண்டில் மட்டும் சூடும் அழுத்தமும் வெகுநேரம் நிற்கும். அப்போதுதான் நிம்மதியாகக் கசிகிறது. அடுத்த ஸ்டார்ட்டில் அது எரிந்து வெள்ளைப் புகை. ஆறு மண்டபம் என்றால் ஆறு தடவை.

இன்னும் விட்டிருந்தால் கூலண்ட் சிலிண்டருக்குள் தேங்கி, பிஸ்டனைப் பிடித்திருக்கிற கனெக்டிங் ராடையே வளைத்திருக்கும் என்றார். கேட்கும்போது வயிற்றைப் பிசைந்தது.

ஜூன் 17

கூலரை மாற்றாமல் தகடு வைத்து அடைத்துவிடலாம், செலவு மிச்சம் என்று ஸ்டாண்டில் ஒருவர் சொன்னார். அது சட்டப்படி தப்பு, ஊர்க்காற்றுக்கும் கேடு. புது கூலர், கேஸ்கட், கூலண்ட், கூலி எல்லாம் சேர்த்து 14,500. கூலண்ட் ஊற்றும்போது வண்டியின் மூக்கை மேட்டில் ஏற்றி நிறுத்தினார் மேஸ்திரி. உள்ளே மாட்டின காற்று மேலே வரவேண்டுமாம். அரைமணி நேரம் குமிழி வந்தது.

ஜூன் 21

ஒரு புனலூர், இரண்டு மண்டப நாள். மார்க்கர் கோடு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அடுக்களையில் ஒரு டம்ளர் குறைகிறது என்று வீட்டில் தேடியிருக்கிறார்கள். இனிப்பாக இருந்தாலும் கூலண்ட் விஷம், எத்தனை கழுவினாலும் அதில் காப்பி குடிக்க யாருக்கும் தைரியம் வராது. காலால் மிதித்து நசுக்கிப் பழைய இரும்புச் சாக்கில் போட்டேன். சாயங்காலம் புதுசு ஒன்று வாங்கிக்கொண்டு போகவேண்டும்.