அசோகர் ஆண்ட சோழ நாடு

நாகரிகங்களைக் கட்டி ஆளும் கணினி விளையாட்டான சிவிலைசேஷன் 7 பிப்ரவரி 2025-ல் வந்தபோதே கண் வைத்திருந்தேன். தள்ளுபடி வரட்டும் என்று இருந்து, இப்போதுதான் லேப்டாப்பில் ஏற்றினேன்.

மாறி மாறிக் காய் நகர்த்தும் ஆட்டம் என்பதால் அவசரமே இல்லை. எழுந்து போய்க் கட்டன் போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் எதிரிப் படை அந்த அறுகோணக் கட்டத்திலேயே நிற்கும். ஆனால் "இன்னும் ஒரே ஒரு சுற்று" என்று ஆரம்பித்தால் ராத்திரி போய்விடும், அது வேறு கதை.

ஆட்டம் மூன்று யுகங்களாக நடக்கிறது. யுகம் மாறினால் தலைவர் அப்படியே இருப்பார், நாகரிகத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். நான் அசோகரை வைத்து மௌரியராகத் தொடங்கினேன், அடுத்த யுகத்தில் சோழரை எடுத்தேன். சோழரையும் பாண்டியரையும் தன் எல்லைக்கு அப்பால் உள்ளவர்கள் என்று கல்வெட்டில் வெட்டி வைத்தவர், இங்கே தஞ்சைப் பெரிய கோவிலைக் கட்டுகிறார்! முதலில் ஒட்டவில்லை; போகப்போகச் சிரிப்பாகத்தான் இருந்தது.

சோழருக்கு என்றே 'கலம்' என்ற கப்பல் உண்டு. வணிகக் கட்டடங்களுக்கு மணிக்கிராமம், அஞ்சுவண்ணம் என்று அந்தக் கால வணிகக் குழுக்களின் பெயர்கள். யாரோ உட்கார்ந்து படித்திருக்கிறார்கள். 1741-ல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரரை மடக்கிய குளச்சல் கடற்கரை நமக்குப் பக்கம். கப்பல் கிடைத்தால் விடுவோமா? குதிரைப்படையை மறந்துவிட்டுக் கடலை நிறைத்துவிட்டேன்.

யுகம் முடியும்போது தலைநகர் தவிர மற்ற நகரமெல்லாம் சிற்றூராகச் சுருங்குவதுதான் கடுப்பு.

நாகர்கோவில், தக்கலை பக்கம் யாராவது ஆடுகிறீர்களா மக்கா? கமெண்டில் வாங்க, சேர்ந்து ஒரு ஆட்டம் போடுவோம்.