கண்ணாடிக் கருவிகளைப் பிள்ளைகள் கையில் கொடுப்போம்

மலேசியாவின் செபராங் பிறையில் ஒரு தமிழ்ப்பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். எங்கள் அறிவியல் அறையில் முகவை (பீக்கர்), அளவு உருளை, வெப்பமானி எல்லாம் இருக்கின்றன. ஆனால் பெரும்பாலும் அலமாரியில் பூட்டியே கிடந்தன. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கான யு.பி.எஸ்.ஆர். அரசுத் தேர்வு இருந்த காலத்தில் தாளில் வரைந்திருக்கும் உருளையைப் பார்த்து அளவை எழுதத் தெரிந்தால் புள்ளி கிடைத்துவிடும். 2021-இல் அந்தத் தேர்வை எடுத்துவிட்டார்கள். அதன் இடத்தில் வகுப்பறை மதிப்பீடு வந்தது. பிள்ளைகள் கருவியைத் தொட்டுப் பழக இதைவிட நல்ல நேரம் வராது.

நான் கருவிகளின் பெயர்ப் பட்டியலோடு பாடத்தைத் தொடங்குவதில்லை. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு முகவை, ஓர் அளவு உருளை, கொஞ்சம் கலரிங் கலந்த தண்ணீர். முகவையில் 50 மில்லிலிட்டர் கோடு வரை ஊற்றி, அதை அப்படியே உருளைக்கு மாற்றச் சொல்வேன். ஒரு குழுவுக்கு 48 வரும், இன்னொரு குழுவுக்கு 52. "டீச்சர், இவன் சிந்திட்டான்!" என்று சண்டை ஆரம்பமாகும். சரி, மறுபடியும் ஊற்றிப் பாருங்கள் என்பேன். சிந்தாமல் ஊற்றினாலும் 50 வராது. முகவையின் கோடுகள் தோராயமானவை, பொதுவாக ஐந்து விழுக்காடு வரை முன்பின் இருக்கும். அது கலக்கவும் சூடாக்கவும் உள்ள பாத்திரம், அளப்பதற்கு உருளை. எதற்கு இரண்டு என்ற கேள்வி அவர்களிடமிருந்தே வந்த பிறகுதான் இதைச் சொல்கிறேன்.

அப்புறம் கண்மட்டம். ஒரே உருளையைச் சுற்றி மூன்று பேர். நின்றபடி மேலிருந்து பார்ப்பவனுக்கு அளவு கூடுதலாகத் தெரியும், கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்ப்பவளுக்குக் குறைவாகத் தெரியும். கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைத்தவனுக்கு மட்டும் சரியாக வரும். மூவரும் இடம் மாறி நின்று பார்த்ததும் வாக்குவாதம் தானாகவே அடங்கிவிடும். அறிக்கை அட்டை நாளில் ஓர் அம்மா சொன்னார்: "டீச்சர், காய்ச்சல் மருந்து ஊத்தினா, கப்பை மேசையில வச்சுக் குனிஞ்சு பாருங்கன்றான்." அன்று முழுக்க எனக்கு மனசு நிறைந்திருந்தது.

உடைந்துவிடும், பிளாஸ்டிக்கே போதுமே என்று சக ஆசிரியர்கள் கேட்பதுண்டு. கண்ணாடியில் தண்ணீர் ஓரங்களில் ஏறி, நடுவில் குழிந்து நிற்கும். அந்தக் குழிவின் அடியைத்தான் படிக்க வேண்டும். பிளாஸ்டிக் உருளையில் மேற்பரப்பு கிட்டத்தட்டத் தட்டையாகவே இருப்பதால், குழிவு என்று நான் சொல்வதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கவே முடியாது. அதனால் கண்ணாடியைத்தான் கொடுக்கிறேன். உடைந்தால் என்ன செய்வது என்பதை முதல் நாளே சொல்லிவிடுவேன்: அசையாமல் நில், என்னைக் கூப்பிடு, கையால் பொறுக்காதே. உடையும் என்று தெரிந்த பொருளைப் பிள்ளைகள் இரண்டு கையாலும் பிடிக்கிறார்கள். அப்படியும் ஒன்று உடைந்தால் பொருள் கணக்கு எழுதும் ஸ்டோக் புத்தகத்தில் ஒரு வரி எழுத வேண்டியிருக்கும், அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்குப் பயந்து அலமாரியைப் பூட்டி வைப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் இவர்கள் இதே கருவிகளை மலாயில் படிக்கப் போகிறார்கள். முதல் படிவத்தில் பன்சன் சுடரடுப்பும் சேர்ந்துகொள்ளும். கையில் எடுத்துப் பழகிய பிள்ளைக்குப் புதுப் பெயர்கள் பெரிய பாரமாக இருக்காது.

அடுத்தது வெப்பமானி. நெற்றிக்கு நேரே நீட்டும் கருவியைக் கோவிட் காலத்திலிருந்து இவர்கள் நன்றாக அறிவார்கள். ஆய்வக வெப்பமானியை அளக்கும் நீருக்குள் வைத்தபடியேதான் படிக்க வேண்டும். அதை நான் முன்கூட்டிச் சொல்லப் போவதில்லை. வெந்நீரிலிருந்து வெளியே எடுத்ததும் சிவப்புக் கோடு இறங்குவதை அவர்களே பார்த்துவிட்டு என்னிடம் ஓடி வரட்டும்.