அம்மாவின் சர்க்கரை இறங்கும் இரவுகள்

ஜூன் 4
அதிகாலை மூன்று மணி. அம்மாவின் தலையணை உறை தொப்பலாக நனைந்திருந்தது; விரல்கள் சில்லென்று இருந்தன. குளுக்கோமீட்டரில் 52. குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பார்த்தேன்: 88. "நெஞ்சு படபடக்கவே இல்லையே, கண்ணா" என்றாள் அம்மா.

ஜூன் 5
படபடக்காததற்குக் காரணம் இதயத்துக்காக அவள் சாப்பிடும் பீட்டா பிளாக்கர் மாத்திரையாக இருக்கலாம் என்றார் டாக்டர். அது படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும். வியர்வையை மறைக்காது. இனி வியர்வைதான் எங்களுக்கு அறிகுறி.

ஜூன் 9
சர்க்கரை 70-க்குக் கீழே போனால் மயக்கம் வரும், இனிப்பைக் கொடுத்தால் தீர்ந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இதயம் படும் பாட்டை யாரும் பேசுவதில்லை. சர்க்கரை இறங்கியதும் உடல் அட்ரினலினைக் கொட்டுகிறது. இதயம் வேகமெடுத்து, கூடுதல் ஆக்சிஜன் கேட்கிறது. அடைப்புள்ள குழாய் அதை எங்கிருந்து கொடுக்கும்? அதே நேரத்தில் ரத்தத்திலுள்ள பொட்டாசியம் செல்களுக்குள் போய்விடுவதால், ஈசிஜியில் க்யூடி இடைவெளி (ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் கீழறைகள் மின்தூண்டல் பெற்று மீள எடுக்கும் நேரம்) நீள்கிறது. துடிப்பின் தாளம் தப்புவதற்கு அது வழிவிடும். தூக்கத்தில் சிலருக்குத் துடிப்பு மிகவும் குறைந்தும் போகிறதாம். எனக்கு அதுதான் பெரிய பயம்.

ரத்தக் குழாய்க்கும் கேடுதான். உட்சுவர் தளர்ந்து விரிவதற்கு உதவும் நைட்ரிக் ஆக்சைடின் வேலை கெடுகிறது, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக்கொள்கின்றன, அழற்சி கூடுகிறது. மீட்டரில் எண் சரியானவுடன் இவையும் உடனே சரியாகிவிடுவதில்லை.

ஜூன் 15
"எப்போதும் 90-க்குள்ளேயே வைத்திருக்கிறீர்களே!" என்று உறவினர் ஒருவர் பாராட்டினார். எனக்குக் கோபம் வந்தது. அக்கார்டு என்ற பெரிய மருத்துவ ஆய்வில், இதயநோய் ஆபத்து அதிகமுள்ள நீரிழிவுக்காரர்களுக்கு ஹெச்பிஏ1சி-யை (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) 6 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர முயன்றார்கள். அந்தப் பிரிவில் இறப்பு கூடியதால் 2008-இல் அந்தத் தீவிர சிகிச்சையை நிறுத்தினார்கள். தாழ்சர்க்கரைதான் காரணம் என்று உறுதியாகவில்லை. ஆனாலும் வயதான இதயநோயாளிக்கு எண்ணைக் குறைத்துக்கொண்டே போவது சாதனையல்ல.

ஜூன் 21
இரவில் சாப்பிட்ட, இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்கவைத்துச் சர்க்கரையை இறக்கும் சல்ஃபோனைல்யூரியா மாத்திரையை டாக்டர் நிறுத்திவிட்டார். ஹெச்பிஏ1சி இலக்கு இனி 7.5 முதல் 8 வரை. அம்மாவின் மேல்கையில் சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சென்சார் ஒட்டியாகிவிட்டது. 70-ஐத் தொட்டால் என் கைப்பேசி அலறும். அடுத்த முறை போகும்போது ஈசிஜியும் எடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.