கருக்கு

டிசம்பர் 10, 2023

பனிச்சறுக்கு சொல்லிக்கொடுப்பவராவதற்கான பயிற்சிக் கடிதம் வந்துவிட்டது. பிப்ரவரி, காஷ்மீரில் குல்மார்க். ராத்திரி சாப்பிட்டு முடிந்த பிறகு அப்பாவிடம் நீட்டினேன். இரண்டு தடவை வாசித்தார். "இது படிக்கிறதுக்கா, சொல்லிக்கொடுக்கிறதுக்கா?" என்றார். சொல்லிக்கொடுக்கப் படிக்கிறதுக்கு என்றேன். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துவிட்டு மறுபடியும் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார்.

டிசம்பர் 12

சுவரில் முதுகை ஒட்டி, நாற்காலியில் இருப்பதுபோல் நாற்காலி இல்லாமல். 2 நிமிடம் 10 விநாடி. அடிபட்ட வலது முட்டி சும்மா இருந்தது.

டிசம்பர் 14

கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை இன்றைக்குத்தான் ஒழுங்காக வாசித்தேன். சறுக்கிக் காட்டினால் மட்டும் போதாது. ஒவ்வொருவரும் 20 நிமிடம் வகுப்பு எடுக்க வேண்டும், இந்தியிலோ ஆங்கிலத்திலோ. எதிரே இருப்பவர் பனியையே பார்த்திராதவர் என்று வைத்துக்கொண்டு பேச வேண்டும்.

எனக்கு முதல் வருஷம் சொல்லிக்கொடுத்தவர் "பீட்சா, பீட்சா" என்று கத்துவார். காலில் மாட்டிய பலகைகளின் முன்முனைகளைச் சேர்த்து வை, பின்பக்கத்தை விரி, வேகம் குறையும் என்று அர்த்தம். எங்கள் வகுப்பில் எல்லாருக்கும் உடனே பிடிபட்டது. நான் பக்கத்தில் இருந்த பெண்ணின் காலைப் பார்த்துத்தான் செய்தேன். நம் ஊர் ஆளுக்கு இதை எப்படிச் சொல்வேன்? ஓலைக்கூரையின் முகடு மாதிரி வை என்று சொல்லலாம். மேலே சேர்ந்திருக்கும், கீழே விரிந்திருக்கும். அது சரியாக வரும் என்று நினைக்கிறேன். ஆனால் முகடு வைத்தால் மட்டும் நிற்காதே. பலகையின் உள்பக்க ஓரம் பனியைக் கடிக்க வேண்டும். அந்த ஓரத்துக்கு என்ன சொல்வது? ஓரம், விளிம்பு, இரண்டுமே கையில் தட்டுப்படாத சொற்களாக இருக்கின்றன.

சுலோச்சன முதலியார் பாலத்தில் நாலு தடவை போய்வந்து ஓடினேன். 1843-ல் கட்டிய பாலம். கீழே ஆறு நிறைந்து போகிறது.

டிசம்பர் 18

மாடியில் இருக்கிறோம். கீழே இடுப்பளவு தண்ணீர். கரண்ட் இல்லை. காகிதத்தில்தான் எழுதுகிறேன்.

டிசம்பர் 20

தண்ணீர் வடிந்தது. தாமிரபரணி வீட்டுக்குள் விட்டுப்போனதைக் காலையிலிருந்து மண்வெட்டியால் வழிக்கிறோம். அம்மை அரிசிப் பானையைப் பார்த்து அழுதாள். நான் கட்டிலுக்கு அடியில் கையை விட்டு என் சறுக்கு பூட்ஸைத் தேடினேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் தேடினேன்.

கிடைத்தது. வெளியே உள்ள பிளாஸ்டிக் ஓட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. நாலு கொக்கியும் இருக்கின்றன, ஒன்றில் மட்டும் மண் இறுகி மூட மறுக்கிறது. உள்ளே இருக்கும் லைனர்தான் ஊறிப்போய்விட்டது. என் கால் அளவுக்கு அமைந்து வருவதற்கு இரண்டு சீசன் ஆனது. அதை வெயிலில் வைக்கக்கூடாது, அடுப்பருகே வைக்கக்கூடாது, நுரை சுருங்கிவிடும். வெளியே எடுத்து, தாளைக் கசக்கித் திணித்து, மாடிப்படி நிழலில் வைத்தேன். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை தாளை மாற்றுகிறேன். ஒவ்வொரு தாளும் வண்டல் நிறத்தில் வருகிறது. விரல் நுனி வரும் இடத்தில் கையை விட்டுப் பார்த்தால் இன்னும் பிசுபிசுப்பு.

டிசம்பர் 23

ஆச்சியிடம் இன்றைக்குத்தான் பேச முடிந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். உடன்குடிப் பக்கம் ரோடெல்லாம் அறுத்துக்கொண்டு போய்விட்டதாம். ஆச்சி வீடு மேட்டில் இருப்பதால் தப்பித்தது. "தேரி அம்புட்டையும் குடிச்சிட்டுளா" என்றாள், ஊரை ஒட்டிய செம்மணல் மேட்டைத்தான். செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனதே, அதில் அவள் தெருக்காரர்களும் இருந்தார்களாம். எல்லாரும் வந்து சேர்ந்துவிட்டார்கள்.

டிசம்பர் 29

ஃபிரிட்ஜ் போய்விட்டது. மோட்டார் போய்விட்டது. அப்பாவின் பைக் இன்னும் மெக்கானிக்கிடம் இருக்கிறது. பயிற்சிக்கு என்று எடுத்துவைத்த பணம் அப்படியே பேங்கில் கிடக்கிறது, நான்தான் தினமும் அதைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்து மூடுகிறேன். இன்றைக்குச் சொல்லிவிட்டேன். மோட்டாருக்கு எடுத்துக்கோங்க, அடுத்த வருஷம் போகிறேன் என்றேன். அப்பா மண்வெட்டியை வைத்துவிட்டு, "அந்தத் துட்டைத் தொடப்பிடாது" என்று மட்டும் சொன்னார். அம்மை ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொல்லாததுதான் ராத்திரி முழுக்க எனக்குக் கேட்டது.

அடுத்த வருஷம் எனக்கு இருபத்தெட்டு. அடுத்த வருஷம் இந்த முட்டி எப்படி இருக்கும்?

ஜனவரி 3, 2024

குல்மார்க் அடிவாரத்து ஊரான டங்மார்க்கில் இருக்கும் அண்ணன் வீடியோ அனுப்பியிருக்கிறார். முதலில் வேறு ஊர் என்று நினைத்தேன். நாங்கள் விழுந்து விழுந்து பழகிய சரிவு முழுக்கப் பழுப்புப் புல். சில்லாய் கலான் தொடங்கிப் பதினான்கு நாளாகிறது. நாற்பது நாள் கொடுங்குளிர் என்று அங்கே பேர் வைத்து எண்ணும் காலம். குளிர் இருக்கிறதாம், பனிதான் இல்லை.

ஜனவரி 5

பனி இல்லை.

ஜனவரி 8

பனி இல்லை. அங்கே பனி பெய்ய மத்தியதரைக் கடல் பக்கமிருந்து மேற்கத்தியக் கலக்கம் என்கிற காற்றழுத்தத் தாழ்வு வர வேண்டும். இந்த வருஷம் அது வரவே இல்லை. இங்கே வாசலில் இன்னும் வண்டல் கிடக்கிறது. ஒரு நாளில் எங்கள் மேல் கொட்டியதில் கொஞ்சம் அங்கே போயிருக்கக்கூடாதா என்று தோன்றுகிறது. அப்படியெல்லாம் மாற்றிக்கொள்ள முடியாது என்று தெரியும். தெரிந்தும் தோன்றுகிறது.

பயிற்சி நடத்துபவர்களுக்குப் போன் செய்து கேட்டேன். பனி இருந்தால் நடக்கும் என்றார்கள்.

ஜனவரி 11

டாக்டர் முட்டியை மடக்கி, இழுத்து, திருகிப் பார்த்தார். தசைநார் கெட்டியாக இருக்கிறது, தொடையை இன்னும் பலப்படுத்து என்றார். எப்படி அடிபட்டது என்று கேட்டார். சொன்னேன். வேகமாகப் போய் விழவில்லை. நடப்பது போல மெதுவாகத் திரும்பும்போது விழுந்தேன், பலகை காலை விட்டுக் கழறவில்லை. பூட்ஸைப் பலகையோடு பிடிக்கும் கவ்வியை நம் எடை, உயரம், வயது, பூட்ஸின் அடி நீளம், எந்த அளவுக்குப் பழகியவர் என்று எல்லாம் பார்த்துத்தான் வைக்க வேண்டும். வாடகைக்குப் பலகை கொடுத்த இடத்தில் என் எடையைக் கேட்கவே இல்லை, பார்த்தே எழுதினார்கள். 65 என்று. நான் 57.

என் மாணவர்கள் எல்லாரையும் நானே நிறுத்துப் பார்ப்பேன்.

ஜனவரி 12

சுவரில் 2 நிமிடம் 50.

ஜனவரி 17

மாட்டுப் பொங்கலுக்கு ஆச்சி ஊருக்குப் போய், இன்று சாயங்காலம்தான் திரும்பினோம். நேற்று நடந்ததை விடாமல் எழுதிவிட வேண்டும்.

பூட்ஸைப் பையில் கொண்டுபோயிருந்தேன். தேரியில் பக்கவாட்டில் படி ஏறுவது போல ஏறிப் பழகலாம் என்று. மழை குடித்த மணல் மேலாகக் காய்ந்து, கீழே இன்னும் ஈரமாக, இறுக்கமாக இருந்தது. செக்கச்செவேலென்ற சரிவில் பூட்ஸின் ஓரத்தைக் குத்திக் குத்தி ஏறினேன். அக்கா மகனும் தெருப் பையன்கள் நாலு பேரும் பனைமட்டையில் உட்கார்ந்து சறுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், போகவே இல்லை. நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார்கள். சரி, இவர்களுக்கே வகுப்பு எடுத்துப் பார்ப்போம் என்று தோன்றியது. போனில் 20 நிமிடம் வைத்தேன்.

முகடு உடனே வந்தது. வெறுங்காலோடு பெருவிரல்களைச் சேர்த்து, குதிகாலை வெளியே தள்ளி நின்றார்கள். அப்புறம் ஓரம் என்றேன், விளிம்பு என்றேன். முழித்தார்கள். ஆறேழு நிமிடம் நானே பேசிக்கொண்டிருந்தேன். என் குரலே எனக்கு அந்நியமாகக் கேட்டது.

அக்கா மகன் கையில் செதுக்காத மட்டை ஒன்று இருந்தது. அதை வாங்கி ஈரமணலில் தட்டையாக வைத்து இழுத்தேன், வழுக்கிக்கொண்டு வந்தது. பிறகு ஒரு பக்கமாகச் சாய்த்து இழுத்தேன். மட்டை ஓரத்துப் பல்லான கருக்கு மணலைக் கவ்வி, கர்ரென்று நின்றது. மணலில் ரம்பம் வைத்தது போல ஒரு கோடு. "கருக்கு கடிக்கி சித்தி" என்றான் அவன்.

கருக்கு! பலகையின் இரண்டு ஓரத்திலும் கம்பி கனத்துக்கு ஓடும் அந்த எஃகுக்கு இதைவிட என்ன பேர் வேண்டும்? சின்ன வயசில் அந்தக் கருக்குத்தான் என் உள்ளங்கையைக் கிழித்தது, தழும்பு இன்னும் இருக்கிறது. ஐந்து பேர் கையிலும் மட்டையைக் கொடுத்துச் சாய்க்கச் சொன்னேன். எவ்வளவு சாய்த்தால் எவ்வளவு கடிக்கிறது என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். அப்புறம் வலது காலை அழுத்தினால் இடது பக்கம் திரும்பும் என்றதும், "தப்பால்லா இருக்கு" என்றான் ஒருத்தன். முகடு வைத்து நிற்கச் சொல்லி, வலது பெருவிரல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கேட்டேன். குனிந்து பார்த்தான். இடது பக்கம் என்று சொல்லிவிட்டுத் தலையை நிமிர்த்தினான்.

மணி அடித்ததை யாரும் கவனிக்கவில்லை.

ஜனவரி 20

இந்தியில் கினாரா என்பார்கள் என்று டங்மார்க் அண்ணன் சொன்னார். ஆற்றங்கரைக்கும் அதே சொல். வகுப்பில் கினாரா என்றே சொல்வேன். ஆனால் மட்டை ஒன்று கொண்டுபோகப் போகிறேன்.

பனி இல்லை.

ஜனவரி 24

தூங்கவில்லை. பனி இல்லை. அப்பா மோட்டாரைச் சரிசெய்யக் கடன் வாங்கியிருக்கிறார். அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

ஜனவரி 30

2-ம் தேதி குல்மார்க்கில் தொடங்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகளைத் தள்ளிவைத்துவிட்டார்கள். அவர்களுக்கே இல்லையென்றால் எங்களுக்கு எங்கே? உயரத்தில், அஃபர்வத் மலைப் பக்கம், லேசாக விழத் தொடங்கியிருக்கிறது என்று அண்ணன் எழுதியிருக்கிறார். ஆசைப்படப் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 1

பனி.

அண்ணன் தன் வாசலில் ஒரு கம்பை நட்டுப் படம் எடுத்திருக்கிறார். பாதிக் கம்பைக் காணவில்லை. அம்மையிடம் ஓடிப்போய்க் காட்டினேன். போனைக் கையில் வாங்கி, விரலால் பெரிதாக்கி, ரொம்ப நேரம் பார்த்தாள். "இதுலயா நீ நிக்கப்போற?" என்றாள். அப்புறம், "ரெண்டு கம்பளிச் சட்டை எடுத்துக்கோ."

பிப்ரவரி 4

3 நிமிடம் 20.

பிப்ரவரி 6

அக்கா மகன் குரல் அனுப்பியிருக்கிறான். தேரியில் எதிர்த்தெருப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கிறான்: "முகடு வைலே. உள் கருக்கு கடிக்கட்டும். கீழ பாக்காத, போற எடத்தப் பாரு." கடைசி வரியை நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை. ஆறு தடவை கேட்டுவிட்டேன்.

பிப்ரவரி 8

லைனரில் இன்னும் ஆற்று வாசம். மட்டை பையில் நுழையவில்லை, அப்பா பாதியாக வெட்டி, கருக்கு துணியைக் கிழிக்காமல் இருக்கச் சாக்கில் சுற்றித் தந்தார். நெல்லை எக்ஸ்பிரஸ் இன்றைக்கு ராத்திரி. சென்னை, டெல்லி, ஜம்மு, பனிஹால். ஆட்டோ வந்துவிட்டது.